சிவப்புக் கொடி பிடித்தவர்

2013-ம் வருஷம், மே மாதம் 23-ம் தேதி. வியாழக்கிழமை. மாலை மணி ஏழு அடித்து ஐந்து நிமிடம்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. (ஜனாதிபதி குடியிருக்கும் வாஷிங்டன் வேறு. அது எதிர்க்கோடியில்!) கனடா எல்லையில் ஆரம்பித்து மெக்ஸிகோ எல்லை வரை ஓடுகிற ‘ஐ-5’ நெடுஞ்சாலை இந்த மாநிலத்தின் வழியாகத்தான் போகிறது. மவுன்ட் வெர்னன் என்ற ஊருக்குப் பக்கத்தில் அந்தச் சாலை ஸ்காஜிட் என்கிற ஆற்றைத் தாண்ட வேண்டும். தாண்டுவதற்கு ஒரு இரும்புப் பாலம். 1955-ல் கட்டியது.

ரயிலில் போகும்போது பார்த்திருப்பீர்கள் இல்லையா... இரண்டு பக்கமும் இரும்புச் சட்டங்கள், தலைக்கு மேலேயும் குறுக்கே இரும்புச் சட்டங்கள், ஒரு கூண்டுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வருகிற மாதிரி... அதே ரகம்தான். தினமும் சுமார் 71 ஆயிரம் வண்டிகள் அந்தக் கூண்டுக்குள் புகுந்து போய்வந்துகொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் வடக்கே இருந்து ஒரு டிரெய்லர் லாரி வந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் புறப்பட்ட லாரி. அதன் முதுகில், எண்ணெய்க் கிணறு தோண்டும் இடங்களில் பயன்படுகிற பெரிய இரும்புக் கூடு ஒன்று. தரையிலிருந்து அளந்தால் சரக்கின் உச்சி 15 அடி 11 அங்குலம்.

லாரி பாலத்துக்குள் நுழைந்தது. சரக்கின் வலது பக்க மேல் மூலை, தலைக்கு மேலிருந்த குறுக்குச் சட்டத்தில் இடித்தது. அடுத்த சட்டம். அதற்கடுத்த சட்டம். வரிசையாக இடித்துக்கொண்டே போனது. லாரி எப்படியோ அக்கரை சேர்ந்துவிட்டது. அதன் பின்னால் 160 அடி நீளப் பாலம் மடங்கி, அப்படியே ஆற்றுக்குள் விழுந்தது!

பின்னால் வந்த இரண்டு வண்டிகளும் ஆற்றுக்குள். உள்ளே இருந்தவர்கள் மூன்று பேர். குளிர்ந்த தண்ணீரில் பாதி முங்கிய வண்டிகளோடு தவித்துக்கொண்டிருந்த அவர்களைப் படகில் போய் மீட்டார்கள். மூன்று பேருக்கும் உயிர் தப்பியது. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

லாரிக்காரர் ஏதோ திருட்டுத்தனமாக அளவுக்கு மீறிச் சரக்கேற்றிக்கொண்டு, செக்போஸ்ட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தவர் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. அவர் கையில் பர்மிட் இருந்தது. வாஷிங்டன் மாநில அரசே கொடுத்த பர்மிட். இன்ன சரக்கு, இன்ன உயரம், இந்த வழியாகப் போகலாம் என்று எல்லாம் எழுதியிருந்தது.

அது மட்டுமா? லாரிக்கு முன்னால் ஒரு பைலட் கார் போய்க்கொண்டிருந்தது. அதன் முன்புறத்தில் ஒரு நீளமான கம்பு. சரக்கின் உயரத்தைவிட மூன்று அங்குலம் கூடுதலாக, 16 அடி 2 அங்குலத்துக்கு நிமிர்த்தி வைத்த கம்பு. மேலே ஏதாவது இடிப்பதாக இருந்தால் முதலில் அந்தக் கம்பில்தான் இடிக்கும். உடனே பைலட் கார்க்காரர் வயர்லெஸ்ஸில் லாரிக்காரரைக் கூப்பிட்டு, ‘நில்லு!’ என்பார். ஏற்பாடு இதுதான்.

பர்மிட் இருந்தது. பைலட் கார் இருந்தது. கம்பு இருந்தது. பைலட் கார் ஓட்டியவர் அதற்கென்று பயிற்சி எடுத்து, சான்றிதழ் வாங்கியவர். பிறகு எப்படிப் பாலம் விழுந்தது?

பதிலுக்குப் போவதற்கு முன்னால் இன்னொரு கேள்வி. இந்தப் பர்மிட்டும், முன்னால் ஒரு ஆள் போகிற வழக்கமும் எங்கிருந்து வந்தன? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். ஒரு இருநூற்று ஐம்பது வருஷம்.

*

ரஷ்யா. மகாராணி இரண்டாம் கேத்தரினின் காலம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தை உருவாக்கிய மன்னர் பீட்டருக்கு ஒரு பிரமாண்டமான சிலை வைக்க ஆசைப்பட்டார் மகாராணி. குதிரை மேல் மன்னர். குதிரை நிற்பதற்குப் பீடமாக ஒரே கல். அதற்கேற்ற கல் லக்தா என்ற கிராமத்துப் பக்கம், சதுப்பு நிலத்தில் பாதி புதைந்து கிடந்தது. ‘இடிக் கல்’ என்று அதற்குப் பெயர். எடை சுமார் 1,500 டன்!

கடற்கரைக்குக் கொண்டுவர வேண்டிய தூரம் ஆறு கிலோமீட்டர்தான். ஆனால், சதுப்பு நிலம். கல்லை நகர்த்தினால் பூமி விழுங்கிவிடும். வேலையை ஏற்றுக்கொண்டவர் கார்புரி என்ற கிரேக்க நாட்டுக்காரர். அவர் என்ன செய்தார் தெரியுமா? குளிர்காலம் வரட்டும் என்று காத்திருந்தார். பனியில் சதுப்பு நிலம் உறைந்து கெட்டியான பிறகு, தரையில் தண்டவாளம் மாதிரிப் பள்ளங்கள் அமைத்து, அதில் வெண்கல உருண்டைகளைப் போட்டு, அதன் மேல் கல்லை உருட்டினார். ஏறத்தாழ 400 பேர் சேர்ந்து இழுத்தார்கள். ஒரு நாளைக்கு 150 மீட்டர் நகர்ந்தால் பெரிய விஷயம். கல்லின் தலையில் முரசு அடிப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முரசு கேட்டால் இழுக்கணும்... கேட்காவிட்டால் நிற்கணும்! 1770-ல் கல் நகரம் வந்து சேர்ந்தது. சிலை திறப்பு விழா 1782-ல்.

மகாராணியின் கல்லுக்கு யாரிடம் பர்மிட் கேட்பது? சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் கார்புரி ஒன்றைச் செய்தார் பாருங்கள்... இந்தத் தரை இந்த எடையைத் தாங்குமா என்று முதலில் தரையைக் கேட்டார். ‘இப்போது முடியாது, மார்கழி கழிந்து வா’ என்று தரை சொன்னது. காத்திருந்தார். பின்னால் வந்த சட்டங்கள் எல்லாமே, அடிப்படையில் இந்த ஒரு கேள்வியைக் காகிதத்தில் கேட்பவைதான்.

*

மகாராணியின் கல் ஒரே ஒரு தடவை போகும். தினமும் போகிற பாரம் வந்தபோதுதான் சட்டம் தேவைப்பட்டது.

இங்கிலாந்தில் 1850-களுக்குப் பிறகு ‘ரோடு லோகோமோட்டிவ்’ என்ற ஜந்து சாலைக்கு வந்தது. ரயில் என்ஜினைத் தண்டவாளத்திலிருந்து இறக்கிச் சாலையில் விட்டால் எப்படி இருக்கும்? அதுதான். நீராவியில் ஓடும். புகை கக்கும். பின்னால் வண்டிகளைக் கோத்து இழுக்கும். அன்றைய சாலைகளும் பாலங்களும் குதிரை வண்டிக்காகக் கட்டியவை. குதிரைகள் மிரண்டன. சாலைகள் குழி விழுந்தன. பாலங்களை நினைத்து ஊர்க்காரர்கள் பயந்தார்கள்.

1861-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வண்டியின் எடை 12 டன்னுக்கு மேல் கூடாது. வேகம் மணிக்குப் பத்து மைல், ஊருக்குள் ஐந்து மைல். பாலத்துக்குச் சேதம் வந்தால் வண்டிக்காரர்தான் செலவு செய்து சரி பண்ணித் தரவேண்டும்.

அது போதவில்லை என்று 1865-ல் இன்னொரு சட்டம். சரித்திரத்தில் இதற்குச் ‘சிவப்புக் கொடிச் சட்டம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேகம் மணிக்கு நான்கு மைல், ஊருக்குள் இரண்டே மைல். வண்டிக்குக் குறைந்தது மூன்று ஆட்கள். அதில் ஒருவர் வண்டிக்கு அறுபது கஜம், அதாவது 180 அடி முன்னால், கையில் சிவப்புக் கொடியோடு நடந்து போக வேண்டும்!

இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கே சிரித்தார்கள். மோட்டார் வண்டி வளர்ச்சியை இங்கிலாந்தில் முடக்கிப்போட்ட சட்டம் என்று இதற்குக் கெட்ட பெயர் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால், கொடி பிடித்தவருக்குச் சட்டம் கொடுத்திருந்த வேலை என்ன என்று பாருங்கள். எதிரே குதிரையில் வருபவர்களை எச்சரிக்க வேண்டும். மிரளும் குதிரையைப் பிடித்து வழி கடத்திவிட வேண்டும். நிறுத்த வேண்டிய இடம் வந்தால் பின்னால் வரும் டிரைவருக்குச் சைகை காட்ட வேண்டும். கொடியை ஆட்டிக்கொண்டு சும்மா நடக்கிற வேலை கிடையாது. பெரிய வண்டியின் கண்கள் அவர்தான்.

1878-ல் கொடி போயிற்று. ஆள் மட்டும் இருபது கஜம் முன்னால் நடந்தால் போதும் என்றார்கள். 1896-ல் மூன்று டன்னுக்குக் குறைந்த வண்டிகளுக்கு அந்த ஆளும் வேண்டாம் என்று விடுதலை கிடைத்தது. அதைக் கொண்டாட, அந்த வருஷம் நவம்பர் 14-ம் தேதி லண்டனிலிருந்து பிரைட்டன் வரை மோட்டார் வண்டிகள் ஊர்வலமாகப் போயின. கிளம்புவதற்கு முன்னால் ஒரு பிரபு, சிவப்புக் கொடி ஒன்றைக் கிழித்துப் போட்டு விழாவைத் தொடங்கி வைத்தார்.

சின்ன வண்டிகளுக்குத்தான் அந்த விடுதலை. கனமான வண்டிகளுக்குக் கிடையாது. கொடியைக் கிழித்தாலும், பெரிய பாரத்துக்கு முன்னால் ஒரு ஆள் போக வேண்டும் என்ற எண்ணத்தைக் கிழித்துப்போட முடியவில்லை. அது பெயர் மாறி, வண்டி ஏறி, பைலட் கார் ஆனது.

*

இனி அமெரிக்கா.

முதல் மோட்டார் லாரிகளுக்குக் காற்றடைத்த டயர் கிடையாது. கெட்டி ரப்பர், அல்லது இரும்பு. மண் சாலையில் அது ஓடினால் சாலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1913-ல் முதல்முறையாகச் சில மாநிலங்கள் லாரியின் எடைக்கு உச்சவரம்பு வைத்தன. மெயின் மாநிலத்தில் 18 ஆயிரம் பவுண்ட், நம் கணக்கில் எட்டு டன். மாசசூசெட்ஸில் 28 ஆயிரம் பவுண்ட். ஆளுக்கொரு அளவு. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.

1956-ல் நாடு முழுக்க மாபெரும் நெடுஞ்சாலைகள் போடத் திட்டம் வந்தபோதுதான், அந்தச் சாலைகளுக்காவது ஒரே அளவு என்று மத்திய அரசு தலையிட்டது. இன்றைக்கு அந்தச் சாலைகளில் ஒரு லாரி, சரக்கோடு சேர்த்து, 80 ஆயிரம் பவுண்ட் வரை போகலாம். சுமார் 36 டன். அகலம் எட்டரை அடி. உயரத்தை மட்டும் மத்திய அரசு மாநிலங்கள் கையில் விட்டுவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் அது 14 அடி.

மொத்த எடை மட்டும் கணக்கு இல்லை. அந்த எடை எத்தனை சக்கரங்களில், எவ்வளவு தூரத்துக்குப் பரவி நிற்கிறது என்பதும் கணக்கு. கயிற்றுக் கட்டில் தெரியும் இல்லையா? அதன் நடுவில் ஒற்றைக் காலில் நின்று பாருங்கள், கயிறு அறுந்துபோகும். அதே ஆள் கை காலை நீட்டிப் படுத்தால் கட்டில் தாங்கும். எடை ஒன்றுதான், பரவியிருப்பதில் இருக்கிறது வித்தியாசம். இதை ஒரு வாய்ப்பாடாக எழுதி 1974-ல் சட்டத்தில் சேர்த்தார்கள். பேரே ‘பாலம் வாய்ப்பாடு’தான். ராட்சத டிரெய்லர்களுக்கு எதற்கு அத்தனை சக்கரம் என்று கேட்கிற குழந்தைகளுக்கு இதுதான் பதில்.

பாலத்தைப் பற்றி அமெரிக்கர்களுக்கு ஏன் அத்தனை கவலை? ஒரு காரணம், 1967 டிசம்பர் 15. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னால். மேற்கு வர்ஜீனியாவையும் ஒஹையோவையும் இணைத்த ‘சில்வர் பிரிட்ஜ்’ என்ற தொங்கு பாலம், மாலை நெரிசல் நேரத்தில் வண்டிகளோடு ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். பாலம் 1928-ல் கட்டியது. கட்டியபோது அதன் மேல் ஓடியவை ஃபோர்டின் சின்னஞ்சிறு கார்கள். நாற்பது வருஷத்தில் காரும் கனத்தது, லாரியும் கனத்தது. பாலம் மட்டும் அதே பாலம். ஒரே ஒரு இரும்புக் கண்ணியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல்... ஆழம் ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அதுதான் 46 உயிரைக் குடித்தது. அதற்குப் பிறகுதான் நாட்டின் பாலங்களை எல்லாம் முறை வைத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

சரி, 80 ஆயிரம் பவுண்டுக்கு மேல் எடை. அல்லது எட்டரை அடிக்கு மேல் அகலம். அப்படியொரு சரக்கு இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர், காற்றாலை இறக்கை, கப்பல் என்ஜின்... என்ன செய்வது?

பர்மிட் வாங்க வேண்டும். முதல் கேள்வி, இதைப் பிரிக்க முடியுமா? மணல், நெல் மூட்டை, செங்கல் என்றால் பேச்சே கிடையாது, இரண்டு லாரியில் ஏற்று! பிரித்தால் கெட்டுப்போகும், மதிப்பு போய்விடும், அல்லது பிரிப்பதற்கே எட்டு மணி நேர வேலைக்கு மேல் ஆகும் என்றால்தான் ‘பிரிக்க முடியாத பாரம்’ என்று ஒப்புக்கொள்வார்கள். பிறகு எந்த வழி, எந்த நேரம், பகலா இரவா, பைலட் கார் எத்தனை, போலீஸ் வேண்டுமா என்று வரிசையாக நிபந்தனைகள். மாநில எல்லை தாண்டினால் அடுத்த மாநிலத்துக்குத் தனி பர்மிட்.

இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்தால் என்னவெல்லாம் சாத்தியம் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஸ்காஜிட் பாலம் விழுவதற்கு ஏழு மாதம் முன்பு, 2012 அக்டோபரில், அதே மேற்குக் கடற்கரையில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரத் தெருக்களின் வழியாக ஒரு விண்வெளி ஓடத்தையே கொண்டுபோனார்கள்! ஓய்வு பெற்ற ‘எண்டெவர்’. இறக்கைக்கு இறக்கை 78 அடி. வால் ஐந்து மாடி உயரம். விமான நிலையத்திலிருந்து மியூசியம் வரை சுமார் 12 மைல்.

வழி நெடுக ஒவ்வொரு மரம், ஒவ்வொரு விளக்குக் கம்பம், ஒவ்வொரு மின்கம்பியாக அளந்தார்கள். சுமார் 400 மரங்களை வெட்டினார்கள். தெருவாசிகள் கொதித்துப்போனார்கள். வெட்டியதைவிட அதிகமாகத் திருப்பி நட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் சமாதானம். போகிற வழியில் நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு பாலம் குறுக்கிட்டது. ஓடத்தைச் சுமந்துவந்த ராட்சத வண்டிகளோடு சேர்த்தால் அந்தப் பாலத்துக்கு எடை அதிகம். உடனே நிறுத்தி, ஓடத்தை இலேசான வேறொரு வண்டிக்கு மாற்றி, ஒரு டொயோட்டா பிக்-அப்பைக் கட்டி இழுத்துப் பாலம் தாண்டினார்கள். பிறகு பழையபடி ராட்சத வண்டிகள். மூன்று நாள் ஆனது. உச்ச வேகம் என்ன தெரியுமா? மணிக்கு இரண்டு மைல். 1865-ல் ஊருக்குள் போகும் வண்டிக்கு இங்கிலாந்து விதித்த அதே வேகம்! பூமியை மணிக்குப் பதினேழாயிரம் மைல் வேகத்தில் சுற்றிய ஓடம், சிவப்புக் கொடிக்காரரின் நடைக்குக் கட்டுப்பட்டது.

*

இப்போது ஸ்காஜிட் பாலத்துக்குத் திரும்பலாம். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரு வருஷத்துக்கு மேல் விசாரித்தது. 2014-ல் அறிக்கை வந்தது. அதில் வில்லன் என்று ஒருவர்கூட இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் என்று நாலு பேர் இருந்தார்கள்.

முதலில் பாலத்தின் அமைப்பு. தலைக்கு மேலிருந்த குறுக்குச் சட்டங்கள் நேராக இல்லை, வில் போல வளைந்தவை. நடுவில் உயரம் சுமார் 18 அடி. ஓரத்துக்கு வர வர, 15 அடிக்கும் கீழே இறங்கிவிடும். அதாவது, 15 அடி 11 அங்குல லாரி இடது பக்கத் தடத்தில் போயிருந்தால் ஒரு கீறல்கூட விழாமல் வெளியே வந்திருக்கும். வலது பக்கத் தடத்தில் போனால் நிச்சயம் இடிக்கும். ஒரு தடம் மாறியிருந்தால் பாலம் பிழைத்திருக்கும்!

இது லாரிக்காரருக்குத் தெரியாதா? தெரியாது. அவரும் கம்பெனியும் அந்த வழியை ஒழுங்காக ஆராயவில்லை. இது முதல் குறை.

பர்மிட் கொடுத்த அரசுக்குத் தெரியாதா? அரசின் பதிவேட்டில் பாலத்தின் அளவுகள் இருந்தன. ஆனால், பர்மிட்டைக் கொடுத்தது கம்ப்யூட்டர். விண்ணப்பத்தை நிரப்பினால் பர்மிட் வந்துவிடும். இந்த உயரம் இந்த வழியில் இருக்கும் பாலங்களில் நுழையுமா என்று உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை. அதைச் சரிபார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று விண்ணப்பித்தவர் தலையில் கட்டிவிட்டார்கள். இது இரண்டாவது குறை. பர்மிட்டில் எழுதியிருந்த உயரமே 15 அடி 9 அங்குலம்தான். சரக்கு அதைவிட இரண்டு அங்குலம் கூடுதல்.

பாலத்துக்கு முன்னால், ‘உயரம் குறைவு, ஜாக்கிரதை’ என்று ஒரு பலகை இருந்ததா? இல்லை. வைத்தாக வேண்டும் என்று விதியும் இல்லை. இது மூன்றாவது.

கடைசியாக, பைலட் கார். அதன் ஓட்டுநர் பாலத்தைத் தாண்டும்போது செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். கையில் பிடித்துப் பேசவில்லை, ‘ஹேண்ட்ஸ் ஃப்ரீ’தான். கம்பு எதிலும் இடிக்கவில்லை என்று விசாரணையில் சொன்னார். ஆனால், அங்கே வண்டியில் போய்க்கொண்டிருந்த ஒருவர், கம்பு பாலத்தின் சட்டங்களில் நாலைந்து தடவை பட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். செய்ய வேண்டிய கடமையை ஓட்டுநர் செய்யவில்லை, போன் பேச்சு அவர் கவனத்தைச் சிதறடித்துவிட்டது என்பது வாரியத்தின் முடிவு.

அதாவது, கம்பு தன் வேலையைச் செய்துவிட்டது. டக், டக் என்று தட்டிச் சொல்லிவிட்டது. கேட்க வேண்டிய காதுதான் வேறு எங்கோ இருந்தது. இதற்கிடையில் இன்னொரு லாரி இடது பக்கத்தில் முந்திக்கொண்டு வர, நம் லாரிக்காரர் இன்னும் கொஞ்சம் வலது பக்கமாக ஒதுங்கினார். எந்தப் பக்கம் ஒதுங்கக் கூடாதோ, அந்தப் பக்கம்!

லாரிக்காரர், அரசாங்கம் பர்மிட் கொடுத்துவிட்டது, எல்லாம் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள் என்று நம்பினார். அரசாங்கம், லாரிக்காரர் வழியைப் பார்த்துக்கொள்வார் என்று நம்பியது. இருவரும் பைலட் காரை நம்பினார்கள். பைலட் கார் கம்பை நம்பியது. ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நினைத்ததில், யாருமே பார்க்காமல் போன ஒரு எண்... அந்த வலது ஓரத்தின் உயரம். நம் ஆபீஸ்களில், கல்யாண வீடுகளில் தினம் நடக்கிற கதைதான். அங்கே சாம்பாரில் உப்பு இருக்காது. இங்கே பாலம் விழுந்தது.

ஒரு மாதம்கூட ஆகாமல், ஜூன் 19-ம் தேதி தற்காலிகப் பாலம் போட்டுப் போக்குவரத்தைத் திறந்தார்கள். செப்டம்பரில் நிரந்தரமான பகுதியைப் பொருத்தினார்கள். விழாமல் மிச்சமிருந்த பகுதிகளிலும், வளைந்து இறங்கிய குறுக்குச் சட்டங்களை மாற்றி உயரத்தைக் கூட்டினார்கள். 58 வருஷம் கழித்து!

*

நம் நாட்டில் இந்த மாதிரிப் பாரத்துக்கு லாரித் தொழிலில் ‘ஓ.டி.சி.’ என்று பெயர். லாரி ஷெட்டுகளில் கேட்டுப் பாருங்கள், பெரிய எழுத்தில் அந்த மூன்றெழுத்துப் பலகையைக் காட்டுவார்கள். நம்மூர் விதிப்படி லாரியின் அகலம் 2.6 மீட்டர், எட்டரை அடி. அமெரிக்காவும் நாமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதற்கு மேல் போனால் சிறப்பு அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் அதிக எடை ஏற்றினால், 2019-ல் திருத்திய சட்டப்படி இருபதாயிரம் ரூபாய் அபராதம். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம். உயரத்தில், அகலத்தில் சரக்கு துருத்திக்கொண்டிருந்தாலும் இருபதாயிரம்.

அனுமதியோடு போனாலும் அது லேசான வேலை அல்ல என்பதை நாம் கண்ணாலேயே பார்த்தோம். வந்தவாசிக்குப் பக்கத்தில் கொரக்கோட்டை என்ற ஊரில் வெட்டி எடுத்த பெருமாள் சிலைக் கல், 2018 டிசம்பரில் பெங்களூருக்குக் கிளம்பியது ஞாபகம் இருக்கிறதா? 64 அடி நீளம், முந்நூறு டன்னுக்கு மேல் எடை, 240 சக்கர லாரி. பஸ்ஸில் போனால் அரை நாள்கூட ஆகாத தூரம். கல் போய்ச் சேர்ந்தது 2019 ஜூனில். வழியில் கடைகளையும் வீடுகளின் முன்பகுதிகளையும் இடித்து வழி பண்ண வேண்டியிருந்தது. ஓசூர் பக்கம் தென்பெண்ணையாற்றில், பாலம் தாங்காது என்று பக்கத்திலேயே மண்ணைக் கொட்டித் தற்காலிகப் பாதை போட்டார்கள். மழை வந்து, தண்ணீர் வந்து, அந்த மண் பாதையை அடித்துக்கொண்டு போனது. கல் கரையிலேயே காத்துக்கிடந்தது. ஊர் ஊராக ஜனங்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள். தாமதத்தைப் பார்த்துச் சிலர் கேலியும் பேசினார்கள். ஆனால், அந்தப் பாலம் இன்றைக்கும் நிற்கிறது. உறையும் வரை காத்திருந்த கார்புரி, தென்பெண்ணைக் கரையில் நின்றிருந்தால் தலையாட்டியிருப்பார்.

அடுத்த முறை நெடுஞ்சாலையில் இப்படியொரு ராட்சத லாரி ஊர்ந்துபோவதையும், நம் பஸ் அதன் பின்னால் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்பதையும் பார்க்கும்போது, லாரியை விட்டுவிட்டு அதற்கு முன்னால் போகிறவரைத் தேடிப் பாருங்கள். சில சமயம் ஜீப்பில் இருப்பார். சில சமயம் லாரி மேலேயே ஏறி நின்று, தாழ்ந்து தொங்கும் ஒயரை மூங்கில் கழியால் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பார். கையில் ஒரு சிவப்புத் துணி இருந்தாலும் இருக்கும். சம்பளம் அதிகம் இருக்காது. பர்மிட்டில் அவர் பெயர்கூட இருக்காது.

ஹாரன் அடித்து அவசரப்படுத்தாதீர்கள். அவர் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்.